இதயத் துடிப்புக் கோளாறும் பாதுகாப்பான பிரசவமும்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

இதயம் மிக வேகமாகவோ, மிக மெதுவாகவோ, தாளம் தப்பியோ துடிக்கும் கோளாறு இருப்பதாக ஏற்கெனவே கண்டறியப்பட்டு, இப்போது கருவுற்றிருக்கும் அல்லது கருத்தரிக்க எண்ணியிருக்கும் பெண்களும் அவர்களுடைய குடும்பத்தினரும் கேட்கும் கேள்விகள் இங்கே தொகுக்கப்பட்டுள்ளன. மருந்தின் அளவையோ பிரசவ நாளையோ இதைப் படித்து முடிவுசெய்துவிட இயலாது. மருத்துவரின் முன் அமரும்போது எதைக் கேட்பது என்று தெரிந்து செல்வதற்கே இது.

துடிப்புக் கோளாறு உள்ள நான் குழந்தை பெற்றுக்கொள்ளலாமா?

பெரும்பாலானோர் பெற்றுக்கொள்ளலாம். கோளாறு எந்த வகையைச் சேர்ந்தது, இதயத்தின் தசையும் வால்வுகளும் நல்ல நிலையில் உள்ளனவா என்ற இரண்டையும் பார்த்தே இதற்கு விடை சொல்லப்படும். உலக சுகாதார நிறுவனத்தின் வகைப்பாட்டைத் தழுவி மருத்துவர்கள் பயன்படுத்தும் நான்கு முதன்மைப் படிநிலைகளில், அவ்வப்போது வந்துபோகும் தனித்த கூடுதல் துடிப்புகள் முதல் படியிலும், இதயத்தின் மேலறைகளில் தோன்றும் வேகத் துடிப்புகள் இரண்டாம் படியிலும், கீழறைகளில் தோன்றி நீடிக்கும் வேகத் துடிப்பு மூன்றாம் படியிலும் வைக்கப்படுகின்றன. கருத்தரிக்க வேண்டாம் என்று அறிவுறுத்தப்படும் நான்காம் படியில் இருப்பவை பெரும்பாலும் துடிப்புக் கோளாறுகளே அல்ல. இதயம் இரத்தத்தை வெளியேற்றும் திறன் 30 விழுக்காட்டுக்கும் கீழே இறங்கிவிட்ட நிலை, நுரையீரல் தமனி உயர் அழுத்தம், மைட்ரல் வால்வு கடுமையாகச் சுருங்கியிருத்தல் போன்றவையே அங்கே இருக்கின்றன. ஆகவே ஈசிஜியை மட்டும் பார்த்து யாரும் இதற்கு விடை சொல்ல முடியாது. இதயத்தின் அமைப்பைக் காட்டும் எக்கோ ஸ்கேனும் எடுத்துப் பார்த்தாக வேண்டும்.

கருத்தரிப்பதற்கு முன்பே செய்துமுடிக்க வேண்டியவை எவை?

மேலறை வேகத் துடிப்பு அடிக்கடி வருபவர்களும், இதயத்தில் பிறவியிலேயே ஒரு கூடுதல் மின்பாதை அமைந்திருக்கும் வுல்ஃப்-பார்க்கின்சன்-வைட் கோளாறு உள்ளவர்களும், இரத்த நாளத்துக்குள் செலுத்தும் கதிட்டர் என்ற மெல்லிய குழாய் வழியாகக் கோளாறுக்குக் காரணமான பாதையைச் சுட்டு அழிக்கும் அப்லேஷன் சிகிச்சையைக் கருத்தரிப்பதற்கு முன்பே செய்துகொள்வது நல்லது. கர்ப்ப காலத்திலும் எக்ஸ்-ரே இல்லாமலே இதைச் செய்யும் மையங்கள் உண்டு. ஆனால் மருந்துக்கு அடங்காத நிலையில்தான் அதை நாடுவார்கள். "ஆண்டுக்கு இரண்டு முறைதானே வருகிறது, பொறுத்துக்கொள்ளலாம்" என்று இதுவரை தள்ளிப்போட்டு வந்தவர்களுக்கு, குழந்தை பெற விரும்புவதே அந்த முடிவை மறுபடியும் யோசிக்கப் போதுமான காரணம்.

பேஸ்மேக்கர் பொருத்தியிருப்பவர்கள் பேட்டரியில் எவ்வளவு மீதமிருக்கிறது என்று பார்த்துக்கொள்ள வேண்டும். ஓராண்டுக்குள் தீரும் என்றால் முன்கூட்டியே மாற்றிவிடலாம். தைராய்டு, ஹீமோகுளோபின், பொட்டாசியம் ஆகிய மூன்றையும் பரிசோதித்துச் சரிசெய்வது எளிது. சரிசெய்யாமல் விட்டால் இவை ஒவ்வொன்றும் தனித்தே துடிப்பைக் குலைக்கக்கூடியவை.

கர்ப்ப காலத்தில் இதயத்துக்கு என்ன நேர்கிறது?

இரத்தத்தின் அளவு 40 முதல் 50 விழுக்காடு வரை கூடுகிறது. நாடித் துடிப்பு நிமிடத்துக்குப் 10 முதல் 20 வரை ஏறுகிறது. கூடுதல் இரத்தம் இதய அறைகளை விரித்து இழுப்பதாலும், ஹார்மோன்கள் மாறுவதாலும், முன்பு அடங்கியிருந்த கோளாறு தலைகாட்டக்கூடும். பிரசவ வலி தொடங்கிய பிறகு, ஒவ்வொரு வலிக்கும் கருப்பை இறுகி 300 முதல் 500 மில்லி இரத்தத்தைத் தாயின் சுற்றோட்டத்துக்குள் தள்ளுகிறது. குழந்தையும் நஞ்சுக்கொடியும் வெளியேறியதும், கருப்பையில் இருந்த இரத்தம் திரும்பி வருவதாலும் பெரிய சிரை மீதிருந்த அழுத்தம் விலகுவதாலும், இதயத்துக்கு வேலை திடீரென்று பெருகுகிறது. குழந்தை அழும் சத்தம் கேட்டவுடன் ஆபத்து கடந்துவிட்டது என்று எல்லோரும் பெருமூச்சு விடும் அந்த முதல் ஒரு மணி நேரம், இதயவியல் கணக்கில் மிகக் கூர்ந்து கவனிக்க வேண்டிய நேரம்.

படபடப்பு எல்லாமே ஆபத்தின் அறிகுறியா?

இல்லை. கருவுற்ற பெண்களுக்குக் கூடுதல் துடிப்புகள் தோன்றுவது மிகச் சாதாரணம். இதயம் நலமாக இருந்தால் அவற்றுக்கு மருந்தும் தேவையில்லை. சிக்கல் நம் சொல்லிலும் இருக்கிறது. தமிழில் பயத்துக்கும் படபடப்பு, இதயம் தாறுமாறாக ஓடுவதற்கும் படபடப்பு. "படபடவென்று வருகிறது" என்று மட்டும் சொன்னால், "பயப்படாதீர்கள், முதல் குழந்தை அல்லவா" என்ற ஆறுதலோடு அனுப்பிவிடும் வாய்ப்பு உண்டு. அதற்குப் பதிலாக நான்கு விவரங்களைச் சொல்லுங்கள்: அது விளக்கைப் போட்டதுபோல் ஒரே நொடியில் தொடங்கியதா, படிப்படியாக ஏறியதா, மணிக்கட்டில் எண்ணியபோது நிமிடத்துக்கு எத்தனை, எவ்வளவு நேரம் நீடித்தது, கண் இருட்டியதா. திடீரென்று தொடங்கி 150க்கு மேல் ஓடி, திடீரென்று நிற்பது பயத்தால் வருவதன்று. அந்த நேரத்திலேயே எடுக்கப்பட்ட ஓர் ஈசிஜி, அடங்கிய பிறகு எடுக்கப்படும் பத்து ஈசிஜிக்கு மேலானது. இது அடிக்கடி வந்தால், துடிப்பைத் தொடர்ந்து பதிவுசெய்ய 24 மணி நேரமோ அதற்கு மேலோ அணியும் ஹோல்டர் கருவியைக் கேட்டுப் பெறலாம். அதில் கதிர்வீச்சு எதுவும் இல்லை.

நான் சாப்பிடும் மாத்திரை குழந்தையைப் பாதிக்குமா? நிறுத்திவிடட்டுமா?

நீங்களாக நிறுத்தக் கூடாது. கர்ப்பம் உறுதியான அன்றே மாத்திரைகளையெல்லாம் அலமாரியில் பூட்டிவிடுவதுதான் இக்கோளாறு உள்ளவர்களிடம் காணப்படும் மிகப் பெரிய தவறு என்பது என் கருத்து. தாயின் துடிப்பு குலைந்து இரத்த அழுத்தம் விழுந்தால் நஞ்சுக்கொடிக்குப் போகும் இரத்தமும் குறைகிறது. குழந்தையைக் காப்பாற்றுவதாக எண்ணிச் செய்வது குழந்தையையே முதலில் தாக்கும்.

துடிப்பின் வேகத்தைத் தணிக்கும் பீட்டா பிளாக்கர் வகையில் மெட்டோப்ரோலாலும் ப்ரோப்ரனலாலும் நீண்டகாலமாகக் கர்ப்பிணிகளுக்குக் கொடுக்கப்பட்டு வருபவை. அதே வகையைச் சேர்ந்த அட்டெனலால் குழந்தையின் வளர்ச்சியைக் குறைப்பதோடு தொடர்புபடுத்தப்பட்டிருப்பதால் தவிர்க்கப்படுகிறது. எந்த பீட்டா பிளாக்கராக இருந்தாலும், குழந்தையின் வளர்ச்சியை ஸ்கேனில் தொடர்ந்து பார்ப்பதும், பிறந்த பின் ஓரிரு நாள் அதன் நாடித் துடிப்பையும் இரத்தச் சர்க்கரையையும் கவனிப்பதும் வழக்கம்.

அமியோடரோன் தனியாகக் குறிப்பிட வேண்டியது. 200 மில்லிகிராம் மாத்திரை ஒன்றில் ஏறத்தாழ 75 மில்லிகிராம் அயோடின் இருக்கிறது. கர்ப்பிணி ஒருவருக்கு ஒரு நாளைக்குத் தேவைப்படும் அயோடினோ கால் மில்லிகிராம்தான். மாத்திரையிலிருந்து ஒரு சிறு பகுதி விடுபட்டாலே குழந்தையின் தைராய்டு தடுமாறிவிடும். உடலை விட்டு முழுவதும் நீங்க அதற்குப் பல மாதங்கள் ஆகும் என்பதால், கருவுற்ற பிறகு நிறுத்துவது காலம் கடந்த செயல். வேறு எதற்கும் அடங்காத, உயிருக்கு ஆபத்தான துடிப்புக் கோளாறுக்கு மட்டுமே கர்ப்ப காலத்தில் இது கொடுக்கப்படுகிறது.

இரத்தம் உறையாமல் இருக்க மருந்து எடுக்கிறேன். அது என்ன ஆகும்?

வார்ஃபரின் நஞ்சுக்கொடியைக் கடந்து செல்லும். குறிப்பாக 6 முதல் 12ஆம் வாரம் வரை குழந்தையின் உறுப்பு வளர்ச்சியைப் பாதிக்கக்கூடும். புதிய வகை மாத்திரைகளும் கர்ப்ப காலத்தில் பரிந்துரைக்கப்படுவதில்லை. தோலுக்கடியில் போட்டுக்கொள்ளும் குறைந்த மூலக்கூறு எடை ஹெப்பாரின் நஞ்சுக்கொடியைக் கடக்காது என்பதால், மேலறைகள் ஒழுங்கின்றி நடுங்கும் ஏட்ரியல் ஃபிப்ரிலேஷன் உள்ளவர்களில் உறைவுத் தடுப்பு தேவைப்படுவோர் இந்த ஊசிக்கு மாற்றப்படுகிறார்கள். செயற்கை உலோக வால்வு உள்ளவர்களின் நிலை வேறு. அவர்களுக்கு ஊசி மட்டும் போதாமல் போகலாம் என்பதால் வார்ஃபரினைத் தொடர்வதா மாற்றுவதா என்பது வாரம் வாரமாகக் கணக்கிட்டு எடுக்கும் முடிவு. பிரசவத்துக்கு முன் கடைசி ஊசி எந்த நாள், எத்தனை மணிக்கு என்று குறித்து வையுங்கள். முழு அளவு ஊசிக்குப் பிறகு 24 மணி நேரம் கடந்தால்தான் பிரசவ வலியைத் தணிக்க முதுகில் எபிடூரல் ஊசி போட முடியும்.

திடீரென வேகத் துடிப்பு வந்தால் சிகிச்சை கொடுக்க முடியுமா? குழந்தைக்கு ஒன்றும் ஆகாதா?

முடியும். முதலில் மூச்சை அடக்கி அழுத்தும் முறை: 10 மில்லி சிரிஞ்சின் முனையில் வாய் வைத்து, உள்தண்டு லேசாக அசையும் அளவுக்கு 15 விநாடி ஊதச் சொல்வார்கள். அதற்கு அடங்காவிட்டால் நரம்பில் அடினோசின் ஊசி. சில விநாடிகளிலேயே இரத்தத்தில் சிதைந்துவிடுவதால் குழந்தையை எட்டுவதற்கு அதற்கு நேரமே இருப்பதில்லை. தாயின் இரத்த அழுத்தம் விழுந்துவிட்டால் மின்னதிர்ச்சி கொடுத்துத் துடிப்பைச் சீராக்குவது கர்ப்பத்தின் எந்த மாதத்திலும் செய்யப்படும் சிகிச்சைதான். கருவியைப் பார்த்துக் குடும்பத்தினர் தயங்கித் தாமதப்படுத்துவதே ஆபத்து. அதன்பின் குழந்தையின் துடிப்பைச் சிறிது நேரம் தொடர்ந்து கண்காணிப்பார்கள். வுல்ஃப்-பார்க்கின்சன்-வைட் கோளாறு உள்ளவருக்குத் துடிப்பு ஒழுங்கற்று ஓடும்போது வெராப்பமிலும் டிகாக்ஸினும் கொடுக்கக் கூடாது என்பதை உடன் இருப்பவரும் மனப்பாடமாக வைத்திருக்கலாம்.

சுகப்பிரசவம் நல்லதா, சிசேரியன் நல்லதா?

"இதயம் சரியில்லை, அறுத்து எடுத்துவிடுங்கள், அதுதான் பாதுகாப்பு" என்று குடும்பங்கள் கேட்பது வழக்கம். பெரும்பாலான துடிப்புக் கோளாறுகளுக்கு இது சரியன்று. சிசேரியனில் இரத்த இழப்பு கூடுதல். தொற்றும் கால் நரம்புகளில் இரத்த உறைவும் ஏற்படும் வாய்ப்பும் கூடுதல். உடல் நீர்ச்சத்தின் ஏற்ற இறக்கமும் திடீரென்று நிகழ்கிறது. இவை யாவும் துடிப்பைத் தூண்டக்கூடியவை. ஆகவே துடிப்பு கட்டுக்குள் இருக்கும் பெண்ணுக்கு, மகப்பேற்றுக் காரணம் ஏதுமில்லாவிட்டால், இயற்கை வழிப் பிரசவமே பரிந்துரைக்கப்படுகிறது. வலியைக் குறைத்து, இடப்பக்கமாக ஒருக்களித்துப் படுக்கவைத்து, குழந்தையின் தலை தானாக இறங்கும் வரை காத்திருந்து, மூச்சடக்கி நீண்ட நேரம் முக்க விடாமல் கடைசிக் கட்டத்தில் வேக்குவம் அல்லது ஃபோர்செப்ஸ் கொண்டு எடுப்பது, பலருக்கு ஏற்ற வழி.

விதிவிலக்குகள் உண்டு. கீழறை வேகத் துடிப்பால் நிலைகுலைந்தவர்கள், ஒவ்வொரு துடிப்புக்குப் பின்னும் இதயம் மின்னளவில் மீள அதிக நேரம் எடுக்கும் நீள் க்யூடி கோளாறு அதிக ஆபத்தான அளவில் இருந்து துடிப்பு புயல்போல் வருபவர்கள் ஆகியோருக்கு அறுவை சிகிச்சை திட்டமிடப்படலாம். வார்ஃபரின் எடுத்துக்கொண்டிருக்கும்போதோ, நிறுத்தி இரண்டு வாரம் ஆகாதபோதோ வலி வந்துவிட்டாலும் சிசேரியன்தான். ஏனெனில் குழந்தையின் இரத்தமும் உறையாத நிலையில் இருக்க, பிறப்பு வழியின் அழுத்தத்தால் அதன் மூளையில் கசிவு ஏற்படலாம். நாம் வழங்கும் "சுகப்பிரசவம்" என்ற சொல், மற்றதெல்லாம் சுகமற்றது என்பதுபோல் ஒலிப்பது ஒரு குறைதான். எதற்காகச் செய்யப்படுகிறது என்பதைப் பொறுத்தே எதுவும் சுகம்.

எந்த மருத்துவமனையில் பிரசவிப்பது?

ஐரோப்பிய இதயவியல் சங்கம் 2018இல் வெளியிட்ட வழிகாட்டுதல் துடிப்புக் கோளாறுகளைக் குறைந்த, நடுத்தர, அதிக ஆபத்து என மூன்றாகப் பிரித்து, பிரசவ அறையில் யார் இருக்க வேண்டும் என்பதை அதன்படி சொன்னது. குறைந்த ஆபத்துக்கு இதய மருத்துவரைக் கலந்துகொண்டால் போதும். நடுத்தர ஆபத்துக்கு இதயக் கண்காணிப்பும் துடிப்பைச் சீராக்கும் கருவியும் அருகில் வேண்டும். அதிக ஆபத்துக்கு இதய அறுவை, தீவிர சிகிச்சை வசதிகள் உள்ள இடமே வேண்டும். நீங்கள் எந்தப் பிரிவு என்று உங்கள் மருத்துவரிடம் நேராகக் கேளுங்கள். இதய நோயுள்ள கர்ப்பிணிகளுக்கு 40ஆம் வாரத்தில் வலியைத் தூண்டுவது பற்றி யோசிக்கலாம் என்றும் அதே வழிகாட்டுதல் கூறியது. மருத்துவமனை தொலைவில் இருந்தால், நள்ளிரவில் வலி வந்து ஓடுவதைவிட நாள் குறித்துச் செல்வது மேல்.

பிரசவத் திட்டத்தை எழுதி வைக்க வேண்டும் என்கிறார்களே, அதில் என்ன இருக்கும்?

இப்பக்கத்தில் உள்ள எதையாவது ஒன்றை மட்டும் செய்ய முடியும் என்றால் இதைச் செய்யுங்கள். 20 முதல் 30ஆம் வாரத்துக்குள், மகப்பேறு மருத்துவர், இதய மருத்துவர், மயக்கவியல் மருத்துவர் ஆகிய மூவரும் ஒப்புக்கொண்ட திட்டம் ஒரே பக்கத்தில் எழுதப்பட வேண்டும். உங்களைப் பார்த்து வந்த மருத்துவர் வலி வரும் இரவில் பணியில் இருக்கமாட்டார். அதிகாலை மூன்று மணிக்குப் பணியில் இருக்கும் இளம் மருத்துவரும் செவிலியரும், உங்களை முன்பின் பார்த்திராதவர்கள், நின்றபடியே படித்துப் புரிந்துகொள்ளும்படி அது இருக்க வேண்டும். நீள் க்யூடி உள்ள ஒருவரின் தாள் ஏறத்தாழ இப்படி அமையும்:

"நீள் க்யூடி, இரண்டாம் வகை. ஒருமுறை மயங்கி விழுந்துள்ளார். ப்ரோப்ரனலால் வலி தொடங்கிய பின்னும் வேளை தவறாமல் கொடுக்கவும். அனுமதித்தவுடன் ஈசிஜி, பொட்டாசியம், மெக்னீசியம். பொட்டாசியம் 4க்குக் குறையக் கூடாது. தொடர் இதயக் கண்காணிப்பு. எபிடூரல் சீக்கிரமே. வாந்திக்கு ஒன்டான்செட்ரான் வேண்டாம். ஆன்டிபயாடிக்கில் எரித்ரோமைசின் வேண்டாம். ஆக்ஸிடோசின் மெதுவாக. டோர்சாட்ஸ் எனும் கீழறை வேகத் துடிப்பு வந்தால் நரம்பில் மெக்னீசியம். நினைவிழந்தால் உடனே மின்னதிர்ச்சி. பிரசவத்துக்குப் பின் 48 மணி நேரம் கண்காணிப்பு."

அத்துடன் நலமாக இருக்கும்போது எடுத்த ஈசிஜி ஒன்றை இணைத்து, அசலைப் பையிலும் நகலைக் கோப்பிலும் படத்தைக் கைப்பேசியிலும் வைத்திருங்கள்.

எபிடூரல் போட்டுக்கொள்வது இதயத்துக்கு நல்லதா?

பெரும்பாலும் நல்லதே. வலியும் அச்சமும் அட்ரினலினைச் சுரக்கச் செய்கின்றன. அட்ரினலின் துடிப்புக் கோளாறின் பழைய நண்பன். மெதுவாக ஏற்றப்படும் எபிடூரல் அந்தத் தூண்டுதலைத் தணிக்கிறது. இரத்த அழுத்தம் சட்டென்று இறங்காமல் பார்த்துக்கொள்வதும், அட்ரினலின் கலந்த சோதனை ஊசியைத் தவிர்ப்பதா என்று முடிவுசெய்வதும் மயக்கவியல் மருத்துவரின் வேலை. அதனால்தான் அவரை வலிக்கு முன்பே ஒருமுறை சந்தித்துவிட வேண்டும்.

பிரசவ அறையில் வழக்கமாகக் கொடுக்கும் மருந்துகளில் எவற்றைக் கவனிக்க வேண்டும்?

கருப்பை இறுகுவதைத் தளர்த்தக் கொடுக்கப்படும் டெர்புட்டலின், துடிப்பை வேகப்படுத்தும். ஆக்ஸிடோசினை ஒரே அழுத்தில் நரம்பில் செலுத்தினால் இரத்த அழுத்தம் விழுந்து நாடி ஓடும். டிராப்ஸில் மெதுவாகப் போனால் அந்தத் தொல்லை குறைவு. மெத்தில் எர்கோமெட்ரின் இரத்த நாளங்களைச் சுருக்கும் என்பதால் இதய நோயாளிகள் பலருக்குத் தவிர்க்கப்படுகிறது. மசக்கைக்கு முதல் மாதங்களிலேயே எழுதித் தரப்படும் ஒன்டான்செட்ரானை நீள் க்யூடி உள்ளவர்கள் அப்போதே மறுத்து, வேறு மருந்து கேட்க வேண்டும்.

பேஸ்மேக்கர் அல்லது ஐசிடி உள்ளவர்கள்?

ஐசிடி என்பது ஆபத்தான துடிப்பு வந்தால் தானே மின்னதிர்ச்சி கொடுக்கும்படி உடலுக்குள் பொருத்தப்படும் கருவி. கருவி இருப்பதாலேயே சிசேரியன் தேவையில்லை. குழந்தையின் துடிப்பைப் பதியும் கருவியும் அதற்கு இடையூறு செய்யாது. அறுவை நேர்ந்தால், இரத்தக் கசிவை நிறுத்தும் மின்சூட்டுக் கருவியின் மின்னலைகளை ஐசிடி ஆபத்தான துடிப்பு என்று தவறாக எண்ணி அதிர்ச்சி கொடுத்துவிடலாம். ஆகவே அதிர்ச்சி கொடுக்கும் பகுதியைத் தற்காலிகமாக அணைத்து வைப்பார்கள். அவசரத்தில், மார்பில் கருவிக்கு மேல் ஒரு வளைய வடிவக் காந்தத்தை வைத்தாலே ஐசிடியின் அதிர்ச்சி பொதுவாக நின்றுவிடும். அந்தக் காந்தம் பிரசவ அறையில் எந்த இழுப்பறையில் இருக்கிறது என்று முன்கூட்டியே கேட்டு வையுங்கள். அறுவை முடிந்ததும் கருவி மீண்டும் இயக்கப்பட்டதா என்று கேட்பதையும் மறக்கக் கூடாது.

குழந்தை பிறந்த பிறகு மாத்திரையை நிறுத்தலாமா?

குறிப்பாக நீள் க்யூடி உள்ளவர்கள் நிறுத்தவே கூடாது. அவர்களுக்குக் கர்ப்ப காலத்தைவிடப் பிரசவத்துக்குப் பின்வரும் ஒன்பது மாதங்களே ஆபத்து மிகுந்தவை. இரண்டாம் வகையினருக்கு இன்னும் அதிகம். அந்த வகையில் திடீர் ஓசையே துடிப்பைக் குலைக்கும்: அலாரம், தொலைபேசி மணி, தூக்கத்தைக் கிழிக்கும் குழந்தையின் அழுகை. தூக்கமின்மையும் சேர்ந்துகொள்ளும். கைப்பேசியை அதிர்வில் வைப்பதும், இரவில் குழந்தையை முதலில் எழுந்து பார்க்கும் பொறுப்பை வீட்டில் வேறொருவர் ஏற்பதும் உதவும். மெட்டோப்ரோலாலும் ப்ரோப்ரனலாலும் தாய்ப்பாலில் மிகக் குறைவாகவே சேர்வதால் பாலூட்டத் தடையில்லை. வார்ஃபரினும் ஹெப்பாரினும் அப்படியே. அமியோடரோன் எடுப்பவர்கள் பாலூட்டுவதைத் தவிர்க்குமாறு அறிவுறுத்தப்படுகிறார்கள்.

என் கோளாறு குழந்தைக்கும் வருமா?

மேலறை வேகத் துடிப்பு பொதுவாகப் பரம்பரையாக வருவதில்லை. நீள் க்யூடி பெரும்பாலும் பெற்றோரில் ஒருவரிடமிருந்து வருவது. ஒவ்வொரு குழந்தைக்கும் வாய்ப்பு 50 விழுக்காடு. பிறந்தவுடன் எடுக்கும் ஈசிஜி மட்டும் போதாது. சில வாரங்கள் கழித்து மறுபடியும் எடுக்க வேண்டும். தாயின் மரபணு மாற்றம் ஏற்கெனவே கண்டறியப்பட்டிருந்தால், குழந்தைக்கு அந்த ஒன்றை மட்டும் சோதித்தால் போதும்.

வீட்டில் எந்த அறிகுறிக்கு உடனே கிளம்ப வேண்டும்?

மயக்கம், நெஞ்சு வலி, படுத்தால் மூச்சு முட்டுதல், கால் மணி நேரத்துக்கு மேல் அடங்காத வேகத் துடிப்பு, ஒரு கால் மட்டும் வீங்கி வலித்தல் ஆகியவற்றில் எதுவானாலும், கர்ப்பத்திலும் சரி, பிரசவத்துக்குப் பின்னும் சரி, காலையில் பார்த்துக்கொள்ளலாம் என்று இருக்க வேண்டாம். அந்தப் பெண் விழுந்து மூச்சின்றிக் கிடந்தால், ஆம்புலன்ஸை அழைத்துவிட்டு, மார்பின் நடுவில் 5 செ.மீ. ஆழத்துக்கு, நிமிடத்துக்கு 100 முதல் 120 முறை அழுத்தத் தொடங்குங்கள். நிறைமாதமாக இருந்தாலும் அழுத்தும் இடம் அதேதான். இன்னொருவர் இருந்தால், இரு கைகளாலும் வயிற்றைத் தாயின் இடப்பக்கமாகத் தள்ளிப் பிடிக்க வேண்டும்; கருப்பை பெரிய சிரையை அழுத்தாதிருந்தால்தான் நீங்கள் அழுத்தும் மார்புக்கு இரத்தம் வந்து சேரும்.